ஜாமீன்தாரர் தொழில்

காஞ்சிபுரம்
12.6.1977

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆதிலட்சுமி எழுதுகிறேன். சித்தி வீட்டில் சுகமாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சோறு பொங்குகிறாயா, இல்லை ஒரு தடவை பொங்கி மூன்று வேளைக்குத் தண்ணீர் ஊற்றித் தின்கிறாயா? அம்மா போய் ஒரு மாதம்கூட நிறையவில்லை. அந்த வீட்டில் நீ ஒருவனாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பி.யு.சி. ரிசல்ட் வந்துவிட்டது. முதல் வகுப்பு. விலங்கியலில் கல்லூரியிலேயே நான்தான் முதல். இனி என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இங்கேயே ஆசிரியப் பயிற்சியில் சேரலாம். இரண்டு வருடம். செலவும் அதிகமில்லை. முடித்தால் ஆரம்பப் பள்ளியில் வேலை, கையில் முந்நூறு வரும் என்கிறார் சித்தப்பா. இல்லையென்றால் மெட்ராஸில் பி.எஸ்சி. விலங்கியல். மூன்று வருடம். விடுதி, சாப்பாடு என்று மாதம் நூறு ரூபாய் ஆகும். அதற்குச் சர்க்காரில் கடன் உதவித்தொகை என்று ஒன்று தருகிறார்களாம், வருடத்துக்கு எழுநூற்றிருபது. இனாம் இல்லை அண்ணா, சம்பாதித்துத் திருப்பிக் கட்ட வேண்டும். படித்து முடிக்கும்போது இரண்டாயிரத்து நூற்றறுபது ரூபாய் என் தலையில் இருக்கும். வாத்தியார் வேலைக்குப் போனால் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடியாம். அந்தப் படிப்புக்கு வேறு என்ன வேலை கிடைக்கும் என்று எங்கள் பேராசிரியையைக் கேட்டேன். அவர்கள் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

சித்தப்பா, "தவளய அறுத்துக்கினு இருந்தா எவன்டி சம்பளம் குடுப்பான்?" என்று கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சின்ன வயதில் நீ எனக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தலைப்பிரட்டை பிடித்துக் கொடுத்தாயே, வால் சுருங்கிக் கால் முளைப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போக மறந்தேனே. அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பயிற்சிக்குப் போ என்று நீ எழுதினால் மறுபேச்சு பேசாமல் போய்விடுவேன்.

தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை,
ஆதிலட்சுமி


மானாம்பதி
17.6.1977

அன்புத் தங்கை ஆதிலட்சுமிக்கு, அண்ணன் கன்னியப்பன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் இரண்டு மாடும் சுகம். சோறு வேளைக்குத்தான் பொங்குகிறேன். குழைந்துபோனால் அது அரிசியின் குற்றம்.

முதல் வகுப்பு என்று படித்ததும் அம்மா படத்துக்கு முன்னால் உன் கடிதத்தை வைத்தேன். வேறு யாரிடம் காட்டுவது?

நான் எட்டாவதோடு நின்றவன். இருந்தாலும் நீ எழுதிய கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் பயிற்சிதான் லாபம். ஆனால் நம் ஒன்றரை ஏக்கரில் நெல் போடுவதுகூடக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். போடாமலா இருக்கிறோம்?

மெட்ராஸுக்கே போ. சர்க்கார் மாதம் அறுபது கொடுத்தால் மீதி நாற்பது நான் அனுப்ப மாட்டேனா? சேர்வதற்குக் கட்ட வேண்டிய பணத்தோடு அடுத்த வாரம் வருகிறேன். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே, உனக்குக் கோபம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கன்னியப்பன்


மெட்ராஸ்
24.7.1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் இரண்டு மாடும் எப்படி இருக்கிறீர்கள்?

என்னை விடுதியில் விட்டுவிட்டு நீ பஸ் ஏறியதிலிருந்து, எண்ணிப் பார்த்தால் நான் இருபது வார்த்தை பேசியிருப்பேன். அதில் பாதி "யெஸ் மிஸ்". அறையில் என்னோடு மூன்று பெண்கள். கெட்டவர்கள் இல்லை. அவர்கள் இங்கிலீஷில் பேசிச் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு என்ன விஷயம் என்று புரிகிறது. அதற்கப்புறம் தனியாக எப்படிச் சிரிப்பது?

லேபில் மட்டும் எனக்குப் பாஷை வேண்டியதில்லை. முதல் தவளையை அறுத்தபோது, மயக்கிக் கிடத்திய அதன் இதயம் நெஞ்சைத் திறந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண் வெளியே ஓடிவிட்டாள். நான் மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மிஸ் என் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, இது நல்ல கை என்றார்கள்.

கடன் பத்திரம் இதோடு இருக்கிறது. நீ ஜாமீன்தாரர். "ஜாமீன்தாரர் தொழில்" என்ற இடத்தில் விவசாயம் என்றும், வருட வருமானம் தொள்ளாயிரம் என்றும் நானே நிரப்பிவிட்டேன். கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாம். சும்மா சொல்லிவைத்தேன்.

இருபத்தோராவது வார்த்தையை உனக்காக வைத்திருக்கும்,
ஆதிலட்சுமி


மானாம்பதி
6.8.1977

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முன்சீப், "பொட்டப் பொண்ணு கடனுக்கு நீ ஜாமீனா? நாளைக்கு அவ கட்டிக்கினு போய்ட்டா உங்கழுத்துலதான் வியும்" என்றார். விழட்டும் என்றேன்.

இன்னொரு விஷயம். புள்ளலூர் வேதகிரி தன் பெண்ணை எனக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார். அம்மாவுக்கு வருடம் திரும்பட்டும், வைகாசிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பெண் ஏழாவது படித்திருக்கிறது. சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. அதை எப்போது பார்த்தாய் என்று நீ கேட்காதே.

வீட்டில் விளக்கு வைக்க ஒரு ஆள் வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கன்னியப்பன்


மெட்ராஸ்
2.10.1977

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். புள்ளலூர் அண்ணிக்கும் என் விசாரிப்பைச் சொல். நீதான் அந்தப் பக்கம் அடிக்கடி போவாயே!

"நானும் இரண்டு மாடும்" என்று எழுதுகிறவன், போன கடிதத்தில் "நானும் மாடும்" என்று எழுதியிருக்கிறாய். என்னைச் சேர்த்த பணம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். விற்றது எது, கறவையா?

கடன் இன்னும் வரவில்லை. ஆபீசில் கேட்டால் டெல்லியிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். தை மாதம் ஆகலாமாம். இரண்டு மாதச் சாப்பாட்டுப் பணம் பாக்கி என்று என் பெயரை விடுதிப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் நான் துணி துவைக்கப் போய்விடுகிறேன். அழுக்கில்லாத துணியைக்கூடத் துவைக்கிறேன். பார்க்க யாரும் வராத பெண் என்று தெரியக் கூடாது இல்லையா? ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ அண்ணா.

ஆதிலட்சுமி


மணியார்டர் துண்டு
18.10.1977

ரூ. 80. விடுதிக்குக் கட்டு. நெல் விற்ற பணம். நான் சுகம். வேலை இருக்கிறது, வர முடியவில்லை. அம்மா வருடம், நமக்குத் தீபாவளி இல்லை. நீயும் வர வேண்டாம். க.


மெட்ராஸ்
4.12.1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வருமா என்று தெரியவில்லை. கடிதமே எழுத மாட்டேன் என்கிறாய். மூன்று மணியார்டர் வந்துவிட்டது. பலகையிலிருந்து என் பெயரை அழித்துவிட்டார்கள். மூன்று துண்டிலும் நெல் விற்ற பணம் என்றே எழுதியிருக்கிறாய். ஏரித் தண்ணீரில் ஒரு போகம் போடுகிறவர்களுக்குத் தைக்கு முன்னால் ஏது நெல்? நான் மெட்ராஸ்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிட்டாயா?

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் லீவு. எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். நானும் வருகிறேன். நீ பொங்கிய குழைந்த சோறே போதும்.

ஆதிலட்சுமி


மானாம்பதி
14.12.1977

அன்புத் தங்கைக்கு, நான் சுகம்.

நெல்லைப் பற்றி நீ கவலைப்படாதே. லீவுக்கு வர வேண்டாம். ஊரில் காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கிறது. அங்கேயே இருந்து படி. பொங்கலும் நமக்கு இந்த வருடம் கிடையாது.

புள்ளலூர்ச் சம்பந்தம் சரிப்படவில்லை. ஜாதகம் சேரவில்லையாம். அதைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

கன்னியப்பன்


மெட்ராஸ்
22.1.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இல்லை. அதனால் உன் சுகத்தையும் கேட்கவில்லை.

வராதே என்றாய், வரவில்லை. பத்து நாள் இந்தப் பெரிய விடுதியில் நானும் சமையல் செய்யும் ஜெயம்மாவும்தான். வராதே என்று எழுதுகிற அண்ணன் எனக்கு இருக்கிறான் என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை லேபுக்குத் தவளைச் சாக்கு வந்தது. லேப் உதவியாளர் ஐசக் வழக்கம்போலத் திட்டினார். "எவனோ பீச்சாங்கை ஆளு கட்றாம்மா. எந்தப் பக்கம் இஸ்தாலும் இறுகிக்கினே போவுது." எப்போதும் பிளேடால் அறுத்துவிடுவார். அன்றைக்குப் பிளேடு கிடைக்கவில்லை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஈரக் கோணி, பனை நார், இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகியிருந்தது. இடது கையால் ஒரே இழுப்பு. அவிழ்ந்துவிட்டது.

"எப்டிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார். எங்கள் ஊர்க் கட்டு என்றேன். எங்கள் ஊர் இல்லை அண்ணா, எங்கள் வீடு. விதை மூட்டையை அப்படிக் கட்டுகிறவன் நீ ஒருவன்தான். அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே அரிவாளைத் தேடுவாள், நான் ஓடிவந்து அவிழ்ப்பேன்.

அன்றைக்கு நான் தவளையை அறுக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். ஆறு மாதமாக நான் அறுத்ததெல்லாம் நீ பிடித்ததா? கல்லூரி ஒரு தவளைக்கு ஒரு ரூபாய் கொடுக்கிறது. உன் கைக்கு எவ்வளவு வருகிறது? மாதம் எண்பது ரூபாய்க்கு எத்தனை தவளை? நான் ஒரு வேளைக்கு எத்தனை தவளைச் சோறு தின்றிருக்கிறேன்?

கடன் வந்துவிட்டது. பிப்ரவரி கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வாங்கினால் கடன்காரி. வாங்காவிட்டால் இப்போதே விலகிவிடலாம், சர்க்காருக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. பாக்கியெல்லாம் உனக்குத்தான். நான் படிப்பை விட்டுவிடுகிறேன். ஜூனில் பயிற்சியில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் முந்நூறு சம்பாதித்து உனக்கு மாடு வாங்கித் தருகிறேன்.

காலிச் சாக்கைத் திருப்பி அனுப்பும்போது நானே கட்டினேன். இடது கையால்.

ஆதிலட்சுமி


மானாம்பதி
20.2.1978

அன்புத் தங்கை ஆதிலட்சுமிக்கு, அண்ணன் எழுதுவது. நானும் ஒரு மாடும் சுகம். விற்றது கறவையைத்தான்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சாக்கு வந்துவிட்டது. வாலாஜாபாத்தில் எல்லப்பன் என்று, கல்லூரிகளுக்குத் தவளை அனுப்பும் ஒரு ஏஜென்ட் இருக்கிறார். அவர் கொட்டகையில் காலிச் சாக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் கட்டோடு ஒரு சாக்கு கிடந்தது. நான் கட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதை அவிழ்க்காமல் வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

ஏரிக்கரைக் குடிசையில் இருக்கும் ரங்கனை உனக்குத் தெரியும், வயலில் எலி பிடிக்க வருவானே. அவனோடுதான் போகிறேன். ஒரு தவளைக்கு முப்பது காசு. ஆளுக்குப் பாதி. மழைக் காலத்தில் சாக்கு நிறையும். இப்போது கிணறு கிணறாக இறங்க வேண்டியிருக்கிறது. நீ கணக்குக் கேட்டாய், எழுதிவிட்டேன்.

ஜாதகம் எல்லாம் சேர்ந்துதான் இருந்தது. ஈரச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ரங்கனோடு வரும்போது வேதகிரி எதிரில் வந்தார். மறுநாள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார். ரங்கன்தான் என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டான். "இன்னா நைனா இது, எங்காளுங்க இத்தினி வருசமா புடிக்கிறோம், ஒருத்தனும் கேக்கல. நீ புடிச்சா மட்டும் ஊரே பேஜாராவுது" என்றான். அவன் கேட்டது சரி. இந்த வேலை கேவலம் என்று நானும்தானே உன்னிடம் மறைத்தேன். வாசலெல்லாம் சாக்கு காய்கிறது, வீடெல்லாம் அந்த வாடை. அதனால்தான் வராதே என்று எழுதினேன். காய்ச்சல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் எல்லப்பன் ஆள் வராததால் நானே சாக்கோடு லாரியில் உன் கல்லூரிக்கு வந்தேன். பின் கேட்டில் இறக்கிவிட்டு, அவர்கள் கணக்கு எழுதும்வரை வேப்ப மரத்தடியில் நின்றேன். நீ அந்தப் பக்கமாகப் போனாய். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாய். மற்றப் பெண்களெல்லாம் மூன்று பேர் நான்கு பேராகப் போனார்கள். நீ புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தனியாகப் போனாய். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. என் மேல் அடித்த வாடையை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். திரும்பும்போது லாரியில் அழுதேன். கண்ணில் காற்று அடிக்கிறது என்று டிரைவரிடம் சொன்னேன்.

கணக்குப் போட்டால் இப்போதும் பயிற்சிதான் லாபம். ஆனால் படிப்பை விடாதே அம்மா. நீ விட்டுவிட்டால் நான் பிடித்தது வெறும் தவளை.

கன்னியப்பன்


மெட்ராஸ்
28.2.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் கடிதத்தைத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பத்து அடி தூரத்தில் நின்றுவிட்டுக் கூப்பிடாமல் போயிருக்கிறாயே, பாவி. நீ அன்றைக்கு ஆதி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால், அந்த வாடையோடேயே உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். என் மேலும் அதே வாடைதான் அடிக்கிறது.

இன்றைக்குக் கடைசி நாள். மத்தியானம் வரைக்கும் ஆபீஸ் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். முதல் தவணை முந்நூற்றறுபது. இனி ஐந்து மாதத்துக்கு விடுதிக்கு நீ அதிகமாக அனுப்ப வேண்டியதில்லை. முடித்து வாத்தியாராகவே போகிறேன். சர்க்கார் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யட்டும். நீ எதையும் தள்ளுபடி செய்யாதே. உன் கடனை முழுசாக வாங்கிக்கொள்.

அந்தச் சாக்கைக் கட்டுவது என் அண்ணன் என்று ஐசக்கிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவர் பிளேடைத் தேடுவதில்லை. "ஆதிலட்சுமி, உங்கண்ணன் மூட்டை வந்துகீது" என்று வராந்தாவிலிருந்து கூப்பிடுகிறார். அறைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அடுத்த வருடக் கடனுக்கு மறுபடி விண்ணப்பம். இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பிவிட்டேன். ஜாமீன்தாரர் தொழில் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீ எழுது.

கடன்காரி,
ஆதிலட்சுமி


மானாம்பதி
9.3.1978

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நானும் மாடும் சுகம். ரங்கன் உன்னை விசாரித்தான்.

விண்ணப்பத்தை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதிவிட்டேன். விவசாயம், தவளை பிடித்தல். வருமானத்தையும் கூட்டிப் போட்டேன். முன்சீப் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா கன்னியப்பா, இத்தப் போயி எயுதுவாங்களா? காலேஜில பொண்ணுக்கு அசிங்கமா பூடும்" என்றார். "அந்தப் பொண்ணுதான் சாமி எடத்த வுட்டு அனுப்பிச்சிது, நா இன்னா பண்றது?" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

தபாலில் அனுப்பினால் தொலைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து வருகிறேன். மூன்று நாளாகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிக்கிறேன். கை வாடை போகமாட்டேன் என்கிறது. ரங்கன் சிரிக்கிறான், அவனுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாதாம்.

நீ அன்றைக்குத் துணி துவைக்கப் போக வேண்டாம். மூன்று மணிக்கு முன் கேட்டில் நிற்பேன். நான் கூப்பிடுகிறேன்.

கன்னியப்பன்